சுவரில் விழுந்த நிறம்

கம்ப்யூட்டர் திரையின் முதுகில் எல்இடி விளக்குப் பட்டையை ஒட்டி முடித்துவிட்டுக் கணவன் எழுந்தான். லிஃப்ட் மெக்கானிக், ஒயர் வேலை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மென்பொருளை ஓடவிட்டதும், திரையில் வந்த நிறம் பின்சுவரிலும் படர்ந்தது.

"நீலம்," என்று மனைவி சிரித்தாள். "இப்ப பச்சை. எனக்குத் தெரியுதுடா!"

நான்கு மாதங்களாக அவளுக்குப் பார்வையின் நடுப்பகுதி இல்லை. எதை நேராகப் பார்த்தாலும் அங்கே ஒரு சாம்பல் திட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். சுற்றியிருப்பது மட்டும் மங்கலாகத் தெரியும். இனி திரும்பாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். பதினாறு வருடமாகச் சினிமாப் படங்களுக்கு நிறம் சரிசெய்பவள். கையில் மிச்சமிருந்தது ஒரே படம். அதன் டைரக்டரிடம் கண்ணைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

சுவரை நம்பி எட்டு நாள் வேலை செய்தாள். கணவன் பக்கத்தில் வந்தால் விரட்டினாள். "நகரு, உன் வெள்ளைச் சட்டை கலரைக் கெடுக்குது." அவன் சந்தோஷமாக நகர்ந்தான்.

ஒன்பதாம் நாள் மதியம் டைரக்டர் வந்தார். கடற்கரைக் காட்சி ஓடியது. வானம் பிரமாதம் என்றார். பிறகு, திரையின் நடுவில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. அவர் பேச்சு நின்றது. கணவன் எட்டிப் பார்த்தான். முகம் பாசி படிந்ததுபோல் பச்சையாக இருந்தது.

"முகம் எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா. மிச்சத்த நான் வேற எடத்துல பாத்துக்கறேன்." ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, சத்தம் வராமல் பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

கதவு சாத்திய பிறகு கணவன் சொன்னான். "அந்தப் பட்டை, திரையோட ஓரத்துல இருக்குற கலரை மட்டுந்தான் எடுக்கும். நடுவுல இருக்குறது அதுக்குத் தெரியாது."

"உனக்கு எப்ப தெரியும்?"

"வாங்கும்போதே. பெட்டியில போட்டிருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ சிரிச்ச."

இருட்டிய பிறகு அவள், தான் முன்பு வேலை செய்த படம் ஒன்றைப் போடச் சொன்னாள். சுவர் முழுக்கச் சிவந்தது.

"என்ன ஓடுது?"

"ஒரு அம்மா மொட்டை மாடியில போர்வை காயப்போடுறாங்க."

"என்ன கலர்?"

"சிவப்பு."

"சிவப்புல எது?"

அவன் திரையருகே போய்க் குனிந்தான். போர்வை காற்றில் ஒருமுறை புரண்டது. காட்சி மாறியது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.