பிஸ்கட் பாக்கெட்டில் வாலு

சின்னவள் கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? இருபது வருடத்துக்கு மேலாகக் கம்பெனிகளுக்கு லோகோ வரைவதும் பாக்கெட்டுகளை வடிவமைப்பதும்தான் அவள் பிழைப்பு. பென்சிலைத் தொடுவதற்கு முன்னால், பாக்கெட்டைக் கையில் எடுக்கப்போகிறவர்களைப் போய்க் கேளுங்கள் என்று தன்னிடம் வேலை பார்ப்பவர்களைப் பாடாய்ப் படுத்துவாள். அப்படிப்பட்டவள், கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு ஆளைக் கேட்காமல் விட்டாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவளுடைய அக்காவின் மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். நாலு வயசு. ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். சின்னவளுக்கு முதல் பெரிய வேலையாகக் குழந்தைகள் பிஸ்கட் ஒன்று வந்தபோது, எங்கெங்கோ முகம் தேடி அலுத்துப்போய், கடைசியில் வாலுவைப் பிடித்து மேசைமேல் உட்காரவைத்து வரைந்தாள். அக்காதான் எதிரே நின்று வேடிக்கை காட்டிச் சிரிக்கவைத்தாள். கம்பெனிக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. பாக்கெட் அச்சுக்குப் போன வாரம் வாலுவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளையை உயிரோடு கொண்டுவர முடியவில்லை.

அச்சை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சின்னவள் வாயைத் திறக்கவில்லை. நிறுத்தினால் அடுத்த வேலை வராதே என்ற பயம். அந்த நினைப்பு பதினேழு வருடமாக அவளை அரித்துத் தின்றது. நன்றாகத் தின்னட்டும் என்றுதான் எனக்குச் சில நேரம் தோன்றும். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும்.

அடுத்த மாதமே வாலு கடைகளுக்கு வந்துவிட்டாள். ரயில் நிலையச் சுவரில் சிரித்தாள், பஸ்ஸின் பின்பக்கத்தில் ஆளுயரத்துக்குச் சிரித்தாள். சின்னவள் கார் ஓட்டும்போது முன்னால் அந்த பஸ் வந்துவிட்டால், ஓரமாக நிறுத்திவிடுவாள். அந்த வேலைக்கு விருது வேறு கொடுத்தார்கள். இதைப் பற்றி அக்காவிடம் அவளும் பேசவில்லை, அக்காவும் மூச்சுவிடவில்லை. பாக்கெட்டிலாவது பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்கா மனசைத் தேற்றிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று சின்னவள் தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

போன மாதம் பிஸ்கட் கம்பெனிக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். முகமெல்லாம் பழைய பாணி, எடுத்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் வைக்கலாம் என்றார். அக்காவுக்கு மிஞ்சியிருப்பதே அந்த முகம் ஒன்றுதான், அதையும் பிடுங்குவதா? சின்னவள் மறுநாளே பாக்கெட்டில் பெயரை மறைத்துவிட்டு, கடைவாசல்களில் நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் காட்டினாள். பத்தில் எட்டுப் பேர் முகத்தைப் பார்த்தே பிஸ்கட்டின் பெயரைச் சொன்னார்கள். அதைக் கொண்டுபோய் மேலாளர் முன்னால் வைத்து ஒற்றைக்காலில் நின்றாள். முகத்தை எடுத்தால் இந்த பிஸ்கட்டை நாய்கூடச் சீண்டாது என்று சொல்லிவிட்டாள். கடைசியில் மேலாளர் இறங்கிவந்தார். இன்னும் பத்து வருடம் முகம் இருக்கும், ஆனால் அவளே அதை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி திருத்தி வரைந்து தரவேண்டும் என்று முடிவாயிற்று.

நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இன்னும் பத்து வருஷத்துக்கு அவளை யாரும் தொட முடியாதுக்கா."

அக்காவின் கை மடிப்பதை நிறுத்தியது. பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே முழுக்க பிஸ்கட் உறைகள். கிழிந்தவை, கசங்கியவை, பாதி முகம் மட்டும் இருந்தவை. எல்லாவற்றையும் கழுவி, காயவைத்து, கையால் நீவி அடுக்கியிருந்தாள்.

"தின்னுட்டுக் கசக்கிப் போட்டுடறாங்க. சாக்கடையில கிடப்பா. முகத்து மேலேயே மிதிச்சுட்டுப் போவாங்க. பெத்தவ நான் அதைப் பாத்துட்டு எப்படிடி தாண்டி வர்றது?"

இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று சின்னவள் மெல்லக் கேட்டாள்.

"நீ கேட்டியா?" என்றாள் அக்கா. அதில் கோபம்கூட இல்லை. "உன் வேலையாச்சேன்னு இருந்துட்டேன். என்னைக்காவது ஒருநாள் அவங்களே பாக்கெட்டை மாத்துவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

அந்த நாள் வந்தது, சின்னவளே போய் மல்லுக்கட்டித் தடுத்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து மேலாளருக்கு போன் போட்டாள். முகம் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் சிரித்தார். நீங்கள்தானே எங்களை மாற்றினீர்கள், விளம்பரத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று, உங்களால் முடியாவிட்டால் இங்கேயே ஆள் இருக்கிறது என்றார்.

"விடு, நீயே வரை" என்றாள் அக்கா. "ஒண்ணு மட்டும் செய். அவ கண்ணை மூடி வரைஞ்சுடு. எந்தப் பக்கம் நின்னாலும் என்னையே பாக்கறாடி. தூங்கட்டும் அவ."

எந்தப் பக்கம் நின்றாலும் பார்ப்பது தற்செயல் இல்லை. வாங்க வருகிறவரை அந்தக் கண் விடக்கூடாது என்று சின்னவள் இருபது தடவை திருத்தித் திருத்திச் செய்தது. விருது கொடுத்தவர்கள் அதைத்தான் வாய்க்கு வாய் மெச்சினார்கள்.

வாலுவின் கண்ணை மூடித்தான் முதலில் வரைந்தாள். இரண்டே வளைகோடுகள். போட்டு முடித்தவுடன், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வாலு அப்படியே தாளில் கிடந்தாள். சின்னவள் மேசையில் கவிழ்ந்து ஓவென்று அழுதாள். இருந்தாலும் அதையே அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அருமை, கண்ணை மட்டும் திறந்துவிடுங்கள், மூடினால் களையே இல்லை என்று எழுதியிருந்தார்கள். வேறு யாரோ ஒருவர் திறப்பதற்குப் பதில் தானே திறந்துவிடலாம் என்று திறந்தாள். ஆனால் பார்வை எதிரே நிற்பவர் மேல் விழாதபடி கண்மணிகளை மயிரிழை ஓரமாகத் தள்ளிவைத்தாள். கம்பெனியில் பத்துப் பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

புதுப் பாக்கெட் கடைக்கு வந்த அன்று அக்காவும் தங்கையும் சேர்ந்து போனார்கள். ஒரு அலமாரி முழுக்க வாலு. அக்கா எதிரே நின்றாள். இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் வந்து பார்த்தாள், குனிந்தும் பார்த்தாள்.

"பாக்கலடி" என்றாள்.

சின்னவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அக்காவின் தோளைத் தொட்டு, போகலாமா என்று கேட்டாள். அக்கா நகரவில்லை. ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"வாலு, இங்க பாருடா கண்ணு. அம்மா வந்திருக்கேன்."

அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதனிடமும் அதையேதான் சொன்னாள்.