பொய் சொன்னால் நிற்கும் வேன்

1

நான் பொய் சொன்னால் எங்கள் வேன் நின்றுவிடும்.

உவமை இல்லை. ஏழு பேர் உட்காரும் வேன், மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, நான் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டால் போதும், இன்ஜின் பொசுக்கென்று அணைந்துவிடும். நீங்கள் நம்பமாட்டீர்கள். என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கதை பிறந்த கதை இதுதான்: சாப்பாட்டு மேசையில் என் மகன் உள்ளங்கையை நீட்டினான். "அப்பா, வேன் சாவியைக் குடுங்க. இனிமே நான் ஓட்டிக்கிறேன்." கொடுத்துவிட்டேன். அதைத் திரும்ப வாங்கவே இவ்வளவு காகிதமும் செலவாகிறது. இடையில் இலக்கியம் ஏதாவது நேர்ந்துவிட்டால் வாசகர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

தொடக்கங்கள் சில முயன்றேன்.

"அந்தச் சாம்பல் நிற வேன் மெல்லப் பெருமூச்சு..." வேண்டாம். இன்று மூச்சு கொடுத்தால் நாளைக்குச் சளி பிடிக்கும்.

"மனித வாழ்க்கையும் ஒரு கிளட்ச் போன்றதே. அழுத்தினால்..." அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

சரி, மச்சானிலிருந்து தொடங்குகிறேன். என் மனைவியின் அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் திருத்துவதற்கு வேறு எதுவும் கிடைக்காமல் என்னைத் திருத்துகிறார். பிறந்தநாள் வாழ்த்து அட்டை கொடுத்தால் முதலில் காற்புள்ளியைத் தேடுவார். பொய்யே பேசமாட்டார். இப்படி ஒருவரைக் கதையில் வைத்தால் எடுபடுமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் வேனில் முன்சீட்டில், என் பக்கத்தில், தினமும் உட்கார்ந்திருப்பவரை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? [வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே. — மச்சான், பென்சிலில்]

நான் கதைவிடும்போது அவர் குறுக்கே பேசமாட்டார். ஆனால் நம்பவில்லை என்பது தலைமுதல் கால்வரை தெரியும்.

3

பாலத்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். மகன், மருமகள், பேத்திகள் இரண்டு பேர், மனைவி எல்லோரும் பின்னால். நான் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன்: "இந்தப் பாலத்தோட வளைவு என் யோசனை. இன்ஜினியர் நேராத்தான் கட்டப் பாத்தார். கையைப் பிடிச்சுத் தடுத்தேன்."

இன்ஜின் நின்றது. பின்னால் ஊரே ஹார்ன் அடித்தது.

"மறுபடியுமா?" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளை, கிளட்ச்சைக் கோட்டை விட்டுட்டீங்க," என்றார் மச்சான்.

"நான் கிளட்ச்சைத் தொடவே இல்லை, மச்சான்."

"அதைத்தான் சொல்றேன். தொடணும்."

மகன் ஓட்டினால் வேன் நிற்பதில்லை. அப்போது மச்சான் அதே முன்சீட்டில்தான் இருப்பார். நான் கடைசி வரிசையில் பேத்திகளுக்கு நடுவே செருகப்பட்டிருப்பேன். ஆக, மச்சான் தீர்ப்பு எழுதினார்: "வண்டிக்கு ஒண்ணுமில்லை. ஓட்டுறவருக்கு வயசாயிடுச்சு." சொல்கிறவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

4

வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் ஒரு பெண்மணி உண்டு. எல்லோருக்கும் அவர் 'ஷாக்கு அக்கா'. பேச்சில் எனக்குச் சளைத்தவர் இல்லை. முதல் தடவை பெட்ரோல் ஃபில்டர்தான் கோளாறு என்று அடித்துச் சொல்லி மாற்றினார். வேன் நின்றது. அடுத்த தடவை ஏதோ சென்சார். "இதுக்கு மேல நின்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்றார். வேன் நின்றது, பேரும் மாறவில்லை.

மூன்றாம் தடவைக்குள் சாவி மகன் கைக்குப் போயிருந்தது; ரிப்பேருக்கென்று இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மச்சானும் என்னோடு வந்தார், நான் எதையும் மிகைப்படுத்தாமல் பார்த்துக்கொள்ள. அக்கா இன்ஜினை ஓடவிட்டு, டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஃபியூஸ் பெட்டி: ஓடியது. ரிலே: ஓடியது. முன்சீட்டில் உட்காருபவரின் காலுக்கு எதிரே, மூடி உடைந்துபோன இடத்தில், டிபன் பெட்டி அளவில் ஒரு உலோகப் பெட்டி. டொக். நின்றது.

"புடிச்சுட்டேன்! இதான் சார் இன்ஜினோட கம்ப்யூட்டர். எப்போ எவ்வளவு பெட்ரோல், எப்போ பொறி, எல்லாம் இது போடுற உத்தரவுதான். உள்ள கம்பியைப் புடிச்சிருக்கிற ஈயப் பத்து எங்கயோ விட்டிருக்கு. தட்டுனா தொடர்பு போயிடுது." டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். "ஆமா, இதை யாரு இந்த உதை உதைச்சது? பெட்டி பூரா ஷூ தடம்!"

"தூசி," என்றார் மச்சான்.

எனக்குள் ஏதோ பளிச்சென்றது. மச்சானை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். இன்ஜின் ஓடியது. "அக்கா, நான் சின்ன வயசுல தண்டவாளத்துல ஓடி ரயிலை முந்தியிருக்கேன்," என்றேன். மச்சானின் கால் தானாக எழுந்து முன்னால் ஒரு தட்டுத் தட்டியது. நின்றது.

அதாவது: நான் புளுக, அவர் சந்தேகப்பட, சந்தேகம் காலுக்கு இறங்க, கால் கம்ப்யூட்டரைத் தட்ட, வேன் நிற்கிறது.

"தற்செயல். நான் காலை அசைக்கவே இல்லையே," என்றார். பொய் இல்லை, அவருக்கே தெரியாது. [உண்மையிலேயே அசைக்கவில்லை. — மச்சான்]

5

பழைய வண்டிகளை உடைக்கும் இடத்திலிருந்து அதே மாதிரி கம்ப்யூட்டர் ஒன்றை அக்கா தேடிப் பிடித்தார். மாட்டியதும் இன்ஜின் உறுமியது, உடனே அணைந்தது. மச்சானின் முகத்தில் விடிந்தது.

"பதறாதீங்க. திருட்டுத் தடுப்பு வேலை செய்யுது. வேற வண்டியில வாழ்ந்த பெட்டி, உங்க சாவியைத் திருடன்னு நினைக்குது," என்ற அக்கா, மடிக்கணினியை இணைத்து எங்கள் சாவியை அதற்கு அறிமுகம் செய்துவைத்தார். பிறகு நான் மூச்சுவிடாமல் ஆறு பொய் சொன்னேன். மச்சானின் கால் தாளம் போட்டது. வேன் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். மகன் கேட்டான்: "கம்ப்யூட்டர் கெட்டிருந்தா நான் ஓட்டும்போதும் நிக்கணும்ல?"

"நீ முன்னால உக்காந்து போக்குவரத்தைப் பத்தியே பேசுவே. அதுல சந்தேகப்பட என்னடா இருக்கு? என் கதை கடைசி வரிசையிலேர்ந்து அவர் காதுக்கு எட்டாது!"

"அந்த அக்காவுக்கும் போன் பண்ணேன். உங்ககூடப் பிறந்தவங்க மாதிரி பேசுறாங்க." மச்சான் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க சொல்லுங்க. நடந்துச்சா?"

"காலை ஆட்டுற பழக்கமே எனக்குக் கிடையாதுப்பா."

பொய்யே சொல்லாதவர் சொல்லிவிட்டார். சாவி மகனின் சட்டைப் பையிலேயே இருந்தது.

6

இப்போது முடிவு. மூன்று வைத்திருக்கிறேன். (அ) மகன் கண்ணீர் மல்கச் சாவியை நீட்டுகிறான், பின்னணியில் மழை. (ஆ) ஷாக்கு அக்கா பழைய பெட்டியோடு வந்து சாட்சி சொல்கிறார். (இ) நான் சைக்கிள் வாங்கி, வேனை முந்தி... இல்லை, முழங்கால் ஒப்பாது.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த பத்தி உங்களுக்கு அல்ல, மச்சானுக்கு. இந்தப் பிரதியைப் பிழை பார்க்க அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன். சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும், வாய்விட்டுத்தான் வாசிப்பார். அதுதான் அவர் முறை.

என் மச்சானுக்குப் பிழை திருத்தக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவர் 'ற'கரம் எது 'ர'கரம் எது என்று தெரியாமல் அழுதுகொண்டு வந்தபோது

7

[இனி வருவது, வாசிப்பு நின்றபின் எழுதியது.]

அவர் காலைப் பின்னிக்கொண்டு, உஷாராகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். 'அழுதுகொண்டு வந்தபோது' வரை வாசித்தார். மேசை ஒரு குதி குதித்தது. தண்ணீர் ஜாடி சாய்ந்து மருமகளின் மடியில் கொட்டியது.

"அண்ணே, மேசையை எதுக்கு உதைக்கிறே?" என்றாள் மனைவி.

"நான் எங்கே உதைச்..." குனிந்து பார்த்தார். கால் இன்னும் மேசைக்காலின் மேல்தான் இருந்தது. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். பேத்திகள் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை, மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவி இப்போது யார் கையில் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னால் எப்படியும் நம்பமாட்டீர்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் பேசியபடியே, ஒரு எழுத்துகூட மாற்றாமல் வைக்கிறேன்.

"நடந்ததுதான்பா," என்றார் மச்சான், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு. "என் கால்தான்."