ஜெயிலுக்குள்ளிருந்து வண்டி ஓட்டியவர்

நல்வாழ்வுச் சங்கத்தின் மேசை ஜெயில் வாசலுக்கு எதிரே, செராக்ஸ் கடையின் ஓரத்தில் கிடந்தது. அதற்குப் பின்னால் ஃபாரம் அக்கா. இருபது வருஷம் கோர்ட் வாசலில் டைப் அடித்துப் பிழைத்தவள். எந்தக் காகிதத்தில் எந்த வரி ஆளைக் கவிழ்க்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. விடுதலையாகி வருகிறவர்களின் பழைய டிராஃபிக் அபராதங்களைச் சரிக்கட்டிக் கொடுப்பதுதான் இப்போது வேலை. சங்கத் தலைவர் மாதம் ஒரு தடவை வருவார், எவனாவது ஒருவன் தோளில் கை போட்டு ஃபோட்டோ எடுத்துக்கொள்வார், போய்விடுவார். ஃபாரத்தின் தலை எது வால் எது என்று அவருக்குத் தெரியாது.

அன்று வந்த டிரைவர் வெளியே வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. முதலாளியை அடித்த கேஸில் இரண்டு வருஷம். பக்கத்தில் மனைவி.

"ரொட்டிக் கம்பெனியில வேன் ஓட்டக் கூப்பிட்டிருக்காங்கக்கா. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள லைசென்ஸ் காட்டணும். ஆனா அதை முடக்கி வச்சிருக்காங்க. பதினாலு அபராதமாம்."

அக்கா பட்டியலை வாங்கித் தேதிகளைப் பார்த்தாள். "எல்லாமே நீ உள்ள இருந்தப்ப விழுந்திருக்கே. எந்த வண்டி இது?"

"என் பழைய வேன்தான். என்னைப் பிடிச்ச வாரமே மச்சான் அதை வித்து வக்கீலுக்குக் கொடுத்துட்டாரு. அந்த மனுஷன் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்? இவளும்தான். ரெண்டு பஸ் மாறி மாசம் தவறாம என்னைப் பார்க்க வந்தா."

"வாங்கினவன் பேரு மாத்தாம ஓட்டியிருப்பான்" என்றாள் மனைவி, யாரும் கேட்காமலே. "கட்டித் தொலைச்சிடலாங்க. எதுக்கு வம்பு?"

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

போக்குவரத்து அலுவலகத்தின் ஏழாம் கவுன்ட்டரில் இருந்தவருக்குத் தலையை நிமிர்த்துவதே பெரும்பாடாக இருந்தது. "தவணையில கட்டலாம். இங்க கையெழுத்து போடு" என்று காகிதத்தைத் தள்ளினார்.

டிரைவரின் கை உடனே பேனாவுக்குப் போயிற்று. உள்ளே இரண்டு வருஷமும் அதே கதைதான். விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து. போர்வைக்கு, சோப்புக்கு, தண்டனைக்கு. வெளியே வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் சொந்தக் கையால் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"முதல் வரியைப் படி."

அவன் படித்தான். "மேற்கண்ட குற்றங்களை நானே செய்தேன்னு…"

"பதினாலு குற்றத்தையும் ஒத்துக்கிட்டவன்கிட்ட ரொட்டிக் கம்பெனி சாவி கொடுக்குமா?" அவள் விடுதலைச் சான்றிதழை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தாள். "சார், இந்தத் தேதியெல்லாம் இவன் உள்ள இருந்தான்."

"இது ஜெயில் டிபார்ட்மென்ட். எங்களுக்குச் சம்பந்தமில்ல."

"பூட்டி வச்சதும் அரசாங்கம், சிக்னல்ல பிடிச்சதும் அரசாங்கம். ஜெயிலுக்குள்ள இருந்தே வண்டி ஓட்டினான்னா இவனுக்கு நீங்க மெடல்தான் கொடுக்கணும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கவுன்ட்டர்காரர் இப்போதுதான் நிமிர்ந்தார். "அப்படின்னா ஓட்டினது யாருன்னு எழுதிக் கொடுக்கணும். தனி ஃபாரம் இருக்கு. ஓட்டினவரை அடையாளம் தெரிஞ்ச சாட்சி ஒருத்தர் கையெழுத்து போடணும்."

"கேமராப் படத்தைக் காட்டுங்க, எழுதிடலாம்" என்றாள் அக்கா.

முதல் படத்தில் மச்சான் இருந்தான். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கையில் ஃபோன், சீட் பெல்ட் கதவோரம் தொங்கிக்கொண்டிருந்தது. வேனின் முன்பக்க நசுங்கல்கூட டிரைவர் விட்டுப்போனபடியே இருந்தது. வேன் விற்ற காசில் பிடித்ததாக மச்சான் சொன்ன வக்கீல் கோர்ட்டில் வாயைத் திறக்காததன் ரகசியம் இப்போதுதான் விளங்கியது. டிரைவருக்குக் காது மடல் சிவந்தது.

அடுத்த படத்தில் மச்சானுக்குப் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர். எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே தேதி, நேரம், 'மத்திய சிறை சாலை சந்திப்பு'.

"அன்னிக்கு ஒரு நாள்தாங்க, பஸ் கிடைக்கல…"

கவுன்ட்டர்காரர் அடுத்ததைத் தட்டினார். அதிலும் அவள். அதற்கடுத்ததிலும் அவள், வேறு புடவையில். "வீட்டுக்குப் பதினாலு நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். எல்லாத்தையும் கையெழுத்து போட்டு வாங்கியிருக்காங்க" என்றார், கேட்காத விவரத்தையும் சேர்த்து. பத்து வருஷ சர்வீஸில் அவர் தானாக முன்வந்து செய்த ஒரே உதவி அதுவாகத்தான் இருக்கும்.

டிரைவர் ஃபாரத்தை வாங்கினான். இந்த முறை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். ஓட்டியவர் என்ற இடத்தில் மச்சான் பெயரை எழுதினான். பிறகு காகிதத்தை மனைவி பக்கம் திருப்பி, சாட்சி என்ற இடத்தில் விரலை வைத்தான்.

"கையெழுத்து போடு."

"ஏங்க, அவன் என் அண்ணங்க!"

"அதனாலதான். அடையாளம் தெரிஞ்ச ஆள் வேணும்னு கேட்கறாங்க."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் பொறுமையில்லாமல் செருமினார்கள். அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். கவுன்ட்டர்காரர் முத்திரை குத்தி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, "லைசென்ஸ் திறந்தாச்சு" என்றார். அழுது வடிந்துகொண்டே சொன்னார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் மூவரும் நின்றார்கள். நாளை முதல் வேலை உறுதி. அவன் முகத்தில் அதற்கான சந்தோஷம் துளியும் இல்லை. அக்கா மச்சானைத் திட்ட நாக்கில் நல்ல வார்த்தைகளாகவே நாலைந்து தயாராக வைத்திருந்தாள்.

டிரைவர் மனைவி பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை.

"ரொட்டிக் கம்பெனி ஜெயிலுக்குப் பின்தெருவுலதான் இருக்கு. நாளைக்குக் காலையில போகணும். நம்ம வீட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறணும்ல? எந்தெந்த நம்பர்னு சொல்லு."

அவள் எதிரே இருந்த பஸ் எண் பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தாள்.