உமாதேவியின் கைராசி

என் மனைவி உமாதேவியை ஒருநாள் சிறை வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. நான் தென்காசி கோர்ட்டில் வக்கீல். ஜாமீன் வாங்கிக் கொடுத்துத்தான் பழக்கம், உள்ளே தள்ளிப் பழக்கமில்லை. அதுவும் கட்டினவளை! உத்தரவு போட்டவள் ஷஹானா. உமாவோடு சேர்ந்து இலஞ்சியில் சிப் கம்பெனி நடத்துகிற கடையநல்லூர்க்காரி. "சார், நாளைக்கு மேடத்தைக் கம்பெனிப் பக்கமே விட்டுராதீங்க. போன்கூடப் பண்ணக் கூடாது" என்றாள்.

விஷயம் இதுதான். உமா பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எட்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புதுவகை சிப்பைக் கண்டுபிடித்தாள். பம்ப்செட், மின்சார வண்டி எதில் வைத்தாலும் சூட்டைத் தாங்கி உழைக்குமாம். அப்பளம் அளவுக்குப் பளபளவென்று ஒரு சிலிக்கான் வட்டு. அதன்மேல் அவள் கண்டுபிடித்த கரைசலைப் பூசி அடுப்பில் சுட்டெடுக்க வேண்டும். கேட்க லேசுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் கையால் செய்தது எல்லாம் நன்றாக வந்தது. இலஞ்சியில் ஆளும் மெஷினும் போட்ட பிறகு, அவள் கூட நின்றால் வந்தது. அவள் லீவு போட்டால் பூச்சில் ஓட்டை விழுந்து அத்தனையும் பொத்தல்.

அதே மெஷின், அதே கரைசல், அதே ஆட்கள். கடைசியில் அங்கே வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள், மேடத்துக்குக் கைராசி என்று முடிவுகட்டிவிட்டார்கள். காலையில் வட்டுகளை அடுக்கின முதல் தட்டை அவள் தொட்டுக் கொடுத்தால்தான் மெஷினையே ஓட்டினார்கள். "சயின்ஸ்ல என்ன அத்தான் கைராசி!" என்று வீட்டில் வந்து சலித்துக்கொள்வாள். சலித்துக்கொள்ளும்போதே முகத்தில் பவிசு தெரியும்.

அந்தக் கைராசி பிடிக்காத ஒரே ஆள் வல்லிநாயகம். சிப்பை வாங்க வந்திருந்த சென்னைக் கம்பெனியின் அதிகாரி, பூர்வீகம் எங்கள் பக்கம்தான். "மேடம், மாசாமாசம் லட்சக்கணக்குல வேணும். உங்க கையை நான் வெட்டி எடுத்துட்டுப் போக முடியாதுல்லா? நீங்க கட்டடத்துலயே இல்லாம ஒரு தட்டு நல்லா வரட்டும், ஆர்டர் தாரேன். இல்லேன்னா வேற பக்கம் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். அவர் வேறு பக்கம் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான். உமாவின் எட்டு வருஷமும் அதோடு சரி.

ஆக, ஆடிச் சாரலில் அவளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். ஊரே பொறாமைப்படுகிற சிறை. அவளானால் அருவியில் தலையைக் கொடுத்த சுருக்கில் சொட்டச் சொட்ட ஓடிவந்து, "அத்தான், போனைத் தாங்க. ஒரே ஒரு மெசேஜ்" என்று கை நீட்டினாள்.

"கோர்ட்டு உத்தரவு. முடியாது."

"எனக்குன்னு வந்து வாச்சியளே!"

மறுபடி குளித்தாள், மறுபடி கேட்டாள். பிற்பகலில் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஷஹானாவே கூப்பிட்டாள். அத்தனையும் பொத்தல். நாளைக்கு இன்னும் ஒரு தட்டு போட்டுப் பார்க்கலாம். அதுவும் சரியில்லை என்றால் சாயங்காலம் வல்லிநாயகம் ரயிலேறிவிடுவார்.

உமா பஜ்ஜியைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. அந்த முகத்தில் முக்கால்வாசி துக்கம். மீதிக் கால்வாசியில், 'பாத்தியளா, நான் இல்லாம நடக்குமா?' என்ற கர்வம். அந்தக் கால்வாசியைப் பார்த்ததும் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது.

"ஏட்டி, சாட்சிக் கூண்டுல ஏறு" என்றேன். "கரைசலை வட்டு மேல பூசுதே. பெறவு?"

"அடுப்புல வைக்கேன்."

"உடனேயா?"

"உடனேதான். எத்தனை தடவை எழுதிக் குடுத்திருக்கேன்!"

"பொய்ச்சாட்சி!"

பஜ்ஜிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் விடவில்லை. "தெனமும் பதினோரு மணிக்கு எனக்குப் போன் போட்டு முத வார்த்தை என்ன சொல்லுதே? 'இப்பதான் பூசி வச்சிட்டு வாரேன், உங்கள ஒண்ணு கேக்கணும்.' கேக்க ஆரம்பிச்சா லேசுல விடுதியா? சிலிண்டருக்குப் பதியலை, ஊறப்போட்ட உளுந்தை ஆட்டலை... கட்சிக்காரன் முன்னால நான் நெளிஞ்சுக்கிட்டு நிக்கேன். அவ்வளவு நேரமும் அந்த வட்டு எங்கட்டி இருக்கு?"

தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டை மடியில் போட்டாள்.

"தட்டுலதான் இருக்கும்" என்றாள். "நான் வார வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க."

தூசியில்லா அறைக்குள் போன் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். அதனால் என்னைத் திட்டுவதற்குக் கம்பெனிக்கு வெளியே தென்னந்தோப்புப் பக்கம் போய்விடுவாள். மேடம் தனியே போய் யோசிக்கிறார் என்று பிள்ளைகள் பயபக்தியோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மேடம் வராத நாளில் யாருக்காக நிற்பது? பூசின கையோடு அடுப்பில் வைத்துவிடுவார்கள். ஈரம் காயாத வடகத்தை எண்ணெயில் போட்டால் வெடிக்கத்தானே செய்யும்.

"பெங்களூர்லயும் இதே கதைதானா?" என்று கேட்டேன்.

"அப்பவும் உங்களத்தானே கட்டியிருந்தேன்!"

உமா ஷஹானாவைப் போனில் கூப்பிட்டு, "பூசின பெறவு கொஞ்சம் காய விடுங்க" என்று மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். அங்கே அவள் பக்கத்தில் இருந்த வல்லிநாயகம் போனை வாங்கிக்கொண்டார். "திடீர்னு இப்ப எப்படித் தெரிஞ்சுது மேடம்? காரணம் சொல்லாம ஒண்ணும் மாத்த விடமாட்டேன்."

உமா என்னைப் பார்த்தாள். நான் அருவியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவளே, "அந்த நேரத்துல நான் வெளிய நின்னு எங்க வீட்டுக்காரரைத் திட்டிக்கிட்டு இருப்பேன்" என்றாள்.

ஷஹானா சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. வல்லிநாயகம் சிரிக்கவில்லை. "சுருக்கமா திட்டுனா எவ்வளவு நேரம்? நீளமா திட்டுனா?"

நான்தானே சாட்சி. போனை வாங்கினேன். "சிலிண்டர்னா பத்து நிமிஷம் சார். உளுந்துன்னா இருபது. எங்க அம்மாவைப் பத்தின பேச்சுன்னா அரைமணிக்குக் குறையாது."

"எதுல சிப்பு நல்லா வந்துச்சு?"

உமா கண்ணை மூடி யோசித்தாள். "உளுந்து" என்றாள்.

"அப்ப உளுந்தையே வச்சுக்கிடுவோம்" என்றார் வல்லிநாயகம்.

மறுநாள் உமாவை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். போனைப் பிடித்தபடி கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். மத்தியானம் ஷஹானா கத்தின கத்தல் எனக்கும் கேட்டது. ஒரு பொத்தல் இல்லை. உமாவின் கையால் வந்ததைவிட நன்றாக வந்திருக்கிறதாம்.

காரில் இலஞ்சிக்குப் பறந்தோம். ஆர்டரைக் கொடுத்துவிட்டு, வல்லிநாயகம் வாசல்வரை வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "பிரமாதம் மேடம். இனி நீங்க இந்தப் பக்கம் வரவே வேண்டாம்!" மனசாரப் பாராட்டித்தான் சொன்னார். உள்ளே கண்ணாடி வழியாகப் பார்த்தால் பிள்ளைகள் அடுத்த தட்டை அவர்களாகவே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூடத் தொட்டுத் தரச்சொல்லி வரவில்லை. உமா எல்லோரிடமும் சிரித்தாள்.

காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அழுதாள். "வரவே வேண்டாம்ங்காரு அத்தான்."

"ஏட்டி, இதைக் கேக்கத்தானே எட்டு வருஷம் பாடுபட்ட?"

"ஆமா. கேட்ட பெறவுல்லா வலிக்கி."

ஓரமாக நிறுத்தினேன். அவள் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் என்னத்தச் செய்ய?"

"என்னைத் திட்டு."

"சும்மா எப்படித் திட்ட? நீங்க ஏதாவது செஞ்சிருக்கணும்லா?"

"செஞ்சாச்சு. மதுரை அக்கா குடும்பத்தைச் சாரலுக்கு வரச்சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை வாராவ. பன்னெண்டு பேரு. ஒரு வாரம் இருப்பாவ."

நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. போர்வை பற்றாது, குளியலறை ஒன்றுதான், போன தடவை பிரிட்ஜை உடைத்தது யார் என்று தென்காசி வரும்வரை திட்டினாள். நானும் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினேன். அக்காவுக்கு இன்னும் விஷயமே தெரியாது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கூப்பிட்டு வரச்சொல்ல வேண்டும்.