இரண்டு பேர் கூடாரம்

கண்ணாடிக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று டீச்சர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனியில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி. இரண்டு பக்கமும் வெளிச்சம் புகாமல் தோல் மறைப்பு வைத்தது. அவளுடைய பவருக்குத் தகுந்த மாதிரி கடைகளில் கிடைக்கவில்லை. இங்கே வேலை பார்க்கும் கண்ணாடிக்காரிதான் சாப்பாட்டு நேரங்களில் பின்னறை மெஷினில் உட்கார்ந்து, லென்ஸை ஓரம் ஓரமாகத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தியிருந்தாள். மாட்டிக்கொண்டதும் பட்டப்பகல் கடை சட்டென்று இருட்டிவிட்டது. வங்கிக் கொள்ளைக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறேன் என்று டீச்சர் சிரித்தாள். கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. டீச்சரின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்து, கழற்றி, கம்பியைச் சூடுகாட்டி வளைத்து, மறுபடி மாட்டிவிட்டாள்.

"உன்னோடது எங்க? போடு, ரெண்டு பேரும் எப்படி இருக்கோம்னு பாப்போம்."

கண்ணாடிக்காரி துடைத்து வைத்த கண்ணாடிகளை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். இன்னும் செய்யவில்லையா, மலைக்குக் கிளம்ப மூன்று வாரம்கூட இல்லையே என்று டீச்சர் கேட்டாள். கடை முதலாளிதான், எந்தக் கள்ளமும் இல்லாமல், பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்திச் சொன்னார். ஒரே ஒரு ஜோடி லென்ஸ்தானே வரவழைத்தது, டீச்சர் மலையில் இருக்கும் இரண்டு வாரமும் அவர் தன் மகள் வீட்டுக்குப் போகிறார், கடையை இந்த அம்மாதான் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். சொல்லிவிட்டு, தான் ஏதோ உடைத்துவிட்டோம் என்பது புரிந்தவர் மாதிரி பின்னறைக்குப் போய்விட்டார்.

டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதோடேயே வெளியே வந்து, 'எல்' போர்டு மாட்டிய பயிற்சிக் காரில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரி பின்னாலேயே வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பழக்கம் அது. இந்தக் காரில் கண்ணாடிக்காரியின் இடம் அதுதான்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள்தான் அவள். நிலம் அளக்கும் சர்வேயராக இருந்த கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் யாராவது ஓட்ட வேண்டியிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் டீச்சருக்கு எல்லார் வாயிலும் டீச்சர் என்றே பெயர். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கண்ணாடிக்காரிக்குக் கற்றுக்கொடுத்த காலத்தில் அதை அவள் அநேகமாக மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்படியொரு நிதானம். லைசென்ஸ் வந்த பிறகும் கண்ணாடிக்காரி சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை, பயிற்சிப் பள்ளியின் சுவரில் காலண்டர் படமாகத் தொங்கிய மலை உச்சியைக் காட்டி, நாம் இதில் ஏறப் போகிறோம் என்று டீச்சர் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு வருஷம் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடம் இல்லாமல் வரைபடம் விரிந்து கிடந்தது. எந்த முகாமில் ஒரு நாள் தங்கி மூச்சைப் பழக்க வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தச் சரிவைச் சூரியன் வருமுன் தாண்டிவிட வேண்டும் என்று பேசித் தீர்த்தார்கள். அடுக்கு மாடி கார் நிறுத்தத்தின் படிகளில் பைக்குள் தண்ணீர் கேன்களை வைத்துக்கொண்டு ஏறி இறங்கினார்கள். காவலாளி இவர்களைப் பார்த்து, லிஃப்ட் வேலை செய்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அக்கறையோடு சொல்வார். சுமையைக் குறைக்க டூத்பிரஷ்ஷின் காம்பை அறுத்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேஸ்ட் போதுமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். போதும் என்று சாதித்தவள் கண்ணாடிக்காரிதான். இப்போது நினைத்தால் டீச்சருக்கு வயிறு எரிந்தது. வராதவளுக்கு என்ன பேஸ்ட்.

வரவில்லை என்று எப்போது முடிவு செய்தாய் என்று காருக்குள் கேட்டாள்.

"முடிவெல்லாம் பண்ணலக்கா. வரேன்னும் நான் சொல்லலியே."

"சொல்லலியா?"

"நீங்க எப்பவாவது வரியான்னு கேட்டீங்களா? நாம போறோம்னு சொன்னீங்க. நான் தலையாட்டினேன். வீட்லயும் ஆட்டறேன், கடையிலயும் ஆட்டறேன். உங்ககிட்ட மட்டும் எப்படி ஆட்டாம இருக்கறது?"

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. ஓட்டுநர் பள்ளி முதலாளியிடம் இந்த விடுமுறைக்காக அவள் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று இவளுக்குத் தெரியும். மழையென்றும் பாராமல் படி ஏறியது தெரியும். மூட்டு வலிக்கு இவளே வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். இத்தனையும் பார்த்துக்கொண்டே, வரமாட்டேன் என்ற ஒரு வார்த்தையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ரெண்டு வருஷமாக ஒருத்தி சும்மா தலையாட்டுவாளா, நான் என்ன உனக்குப் பொழுதுபோக்கா என்று டீச்சர் கேட்டாள். இன்னும் என்னென்னவோ கேட்டாள். ஜன்னல்கள் மூடியிருந்தும் எதிர்க்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அவரை யாருக்கா பாத்துப்பா?" என்றாள்.

அதற்கு மேல் யாராலும் வாயைத் திறக்க முடியாது. அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள் என்று டீச்சருக்குத் தோன்றியது. "இறங்கு" என்றாள். கண்ணாடிக்காரி இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அந்தச் சத்தமில்லாமைகூட எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க டீச்சர் கைக்கும் காலுக்கும் கோபம் இறங்கியிருந்தது. மருந்துக் கடையில் வேலை செய்யும் ஒருவர், புதிதாகக் கற்றுக்கொள்பவர், சமர்த்தாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். வெறும் சாலையில் அவள் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தாள். அவர் மார்பு ஸ்டியரிங்கில் இடித்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று பயந்துபோய்க் கேட்டார். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, ஓட்டுங்கள் என்றாள். மத்தியானம், மலையேற அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்து விசாரித்தாள். தனி ஆளை மேலே விடமாட்டார்கள். வேறொரு குழுவில் ஒருவர் சேரலாம், எல்லாரும் ஒரே கம்பெனியில் வேலை செய்யும் சின்ன வயசுக்காரர்கள், கொஞ்சம் வேகமாகப் போவார்கள், உங்களுக்கு என்ன வயது என்று அந்தப் பக்கத்துக் குரல் பதவிசாகக் கேட்டது. டீச்சர் வயதைச் சொன்னாள். யோசித்துவிட்டுச் சொல்லுங்கள் மேடம் என்றது குரல்.

கூடாரம் கண்ணாடிக்காரி வீட்டில் இருந்தது. இரண்டு பேர் படுக்கிற கூடாரம், டீச்சர் வாங்கியது. தன் வீட்டுப் பரண் ஒழுகும் என்பதால் அங்கே கொடுத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வரப் போனாள். எடுப்பது, திரும்புவது, ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்தவர் சர்வேயர். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் கட்டிலிலிருந்து கதவுக்கு வருவதற்குள் டீச்சர் இரண்டு தடவை மணி அடித்துவிட்டிருந்தாள். அதற்காகக் கூசினாள். உள்ளே வாருங்கள் டீச்சரம்மா என்றார். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் ஒரு முறை புரட்டித்தான் அவரால் வெளியே விட முடியும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் முதல் முகாமிலிருந்து இரண்டாவது முகாமுக்கு ஆற்றோரப் பாதையா, முகட்டுப் பாதையா, கடைசியில் எதை எடுத்தீர்கள் என்று கேட்டார். முகடு என்றாள் டீச்சர். அதுதான் சரி, ஆற்றோரம் மண் சரியும் என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணாடிக்காரி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே பெரிதாகக் கேட்டது.

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தவும் அவரால் முடியாது.

"என் தம்பி வரேன்னான், டீச்சரம்மா. ரெண்டு வாரம் இங்க தங்கறேன்னான். நானே போன் பண்ணிக் கேட்டேன், இந்த நாக்கை வச்சுக்கிட்டு. இவ அவனுக்குப் போன் போட்டு, வர வேணாம்னுட்டா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்ககிட்ட என்னைத்தானே காரணம் சொன்னா?"

டீச்சர் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். இடது கையால் வாக்கரைத் தூக்கித் தரையில் ஒரு குத்துக் குத்தினார்.

"படுத்துக் கிடக்கறவனுக்கு இது ஒரு உத்தியோகம். எல்லாரோட சாக்குக்கும் நான்தான்."

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போனாள். கண்ணாடிக்காரி குழாயை மூடாமல், ஈரக்கையோடு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். குளிருக்குப் பயமா, உயரத்துக்குப் பயமா, எதற்கு இந்தப் பொய் என்று டீச்சர் கேட்டாள். கண்ணாடிக்காரி திரும்பாமலே, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"ஏறறதுக்குப் பயமில்லக்கா. நான் அங்க போய் நின்னு பாத்துட்டேன்னு வைங்க. அப்புறம் இறங்கி வந்து இந்த அடுப்பு முன்னாடி என்னால நிக்க முடியாது. இப்ப முடியுது. எப்படின்னு தெரியல, ஆனா முடியுது. அதைக் கெடுத்துக்கிட்டா இவரை யார் தூக்கி உக்கார வைக்கறது? தம்பி ரெண்டு வாரம் இருப்பான். அதுக்கப்புறம்?" குழாயை மூடினாள். "எனக்குச் சனிக்கிழமை போதும்."

இரக்கம் வர வேண்டிய இடம் அது என்று டீச்சருக்குத் தெரிந்தது. வரவில்லை. அதற்குப் பதிலாக அடிவயிற்றிலிருந்து இன்னொரு கோபம், முதல் கோபத்தைவிடப் பழசான ஒன்று, ஏறி வந்தது. இவளுக்குச் சாக்குச் சொல்லவாவது வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது. திரும்பி வந்து நிற்க முடியாதே என்று பயப்பட ஒரு அடுப்பு இருக்கிறது. மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கும் டீச்சர் மலையிலிருந்து திரும்பினாலும், திரும்பாமலே போனாலும், பூட்டிய கதவு பூட்டியபடிதான் இருக்கும். இரண்டு வருஷமாக அந்த மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே மலையைத்தான் பார்த்தோம் என்று அவள் நம்பியிருந்தாள்.

"எனக்குப் போதல" என்றாள்.

கண்ணாடிக்காரி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் இங்கே ஒரு அடி முன்னால் வந்து கையைப் பிடித்திருப்பார்கள். இவர்கள் இரண்டு பேருமே நகரவில்லை.

கூடத்திலிருந்து சர்வேயரின் குரல் வந்தது. "டென்ட்டை எடுத்துட்டுப் போங்க டீச்சரம்மா. அது இங்க இருந்தா நான் தினமும் அதைப் பாக்கணும்."

அலமாரி மேலிருந்து அதைக் கண்ணாடிக்காரியே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது உறையிலிருந்த தூசியைக் கையால் தட்டினாள். டீச்சர் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் மேலே சத்தம் கேட்டது. அவருடைய மெதுவான குரல், சொல் சொல்லாக. அதை இடைமறிக்கும் அவளுடைய வேகமான குரல். அதற்கு மேல் மறுபடி அவர். கண்ணாடிக்காரி குரலை உயர்த்தி டீச்சர் கேட்டதே இல்லை. தலையாட்டுகிறவளின் குரல் இல்லை அது. டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். மேலே போகலாமா என்று தோன்றியது. கூடாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் மலை அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்தக் குழுவில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னாள். வேகமாகப் போவார்களே என்று அதே குரல் தயங்கியது. "அவங்க வேகம் அவங்களோட. நான் என் வேகத்துல வருவேன். எழுதிக்குங்க" என்றாள். எத்தனை பேர் போகிறீர்கள் மேடம் என்று வழக்கமான கேள்வியைக் குரல் கேட்டது. "ஒருத்திதான்" என்றாள். தேவைக்கு மேல் சத்தமாகவே.

பிறகு மொட்டை மாடிக்குப் போனாள். கூடாரத்தைத் தனியாக அடிக்கப் பழக வேண்டும். ஒருத்தி கம்பியை வளைத்துப் பிடிக்க இன்னொருத்தி மறுமுனையைத் துளையில் செருகுவதுதான் முறை. அவள் ஒரு முனையைச் செருகிவிட்டு அந்தப் பக்கம் ஓடுவதற்குள் செருகியது தெறித்துக் கழன்றது. ஒரு முனையைக் காலால் மிதித்தாள். துணி காற்றில் எழும்பி முகத்தில் அறைந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினாள், கூடாரத்தையா, யாரையா என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். உள்ளங்கை கன்றிப்போனது. வெயில் உச்சிக்கு வந்தபோது கூடாரம் ஒருவழியாக நின்றது. ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து, ஆனாலும் நின்றது.

உள்ளே ஊர்ந்து போய்ப் படுத்தாள். சூடு முகத்தில் அடித்தது. படுத்த பிறகுதான் கவனித்தாள், தான் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு இடது ஓரமாகப் படுத்திருக்கிறோம் என்று. அவளுடைய பாரத்தில் இடப்பக்கத் தரைத்துணி சிமெண்டோடு ஒட்டிக் கிடந்தது. வலப்பக்கம் அடியில் காற்றுப் புகுந்து, துணி மெல்ல உப்பி மேலே வந்தது. டீச்சர் காலை நீட்டி அதை அழுத்தினாள். அமுங்கியது. தலைப்பக்கத்து மூலை எழும்பியது. கையை நீட்டி அதையும் அழுத்தினாள். கையும் காலும் அந்தப் பக்கத்தில் விரித்தபடி அவள் குறுக்காகக் கிடக்க, இரண்டுக்கும் நடுவில் துணி மறுபடியும் உப்பிக்கொண்டு வந்தது.