இருபத்தைந்து கிலோமீட்டர் அறுநூற்று முப்பத்தொன்பது மீட்டர்

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்பதை விமானத்தில் ஏறுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். எல்லாவற்றையும் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருகிற தூரத்துக்கு விமானி ஓட்டுவார். தூரம் முடிகிற இடத்தில் இறக்கிவிடுவார்.

பல்லாவரத்தில் என் அக்கா சண்முகவடிவு இறந்துபோயிருந்தாள். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் முகம் பார்த்துவிட வேண்டும். காலையிலேயே அட்லஸை விரித்து, இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தேன். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 527.

விமானத்தில் எழுபத்திரண்டு பேர். பக்கத்து இருக்கை உப்பு வியாபாரி செல்லப்பாண்டி என் சீட்டை எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, இருபத்தேழுன்னு இழுத்துக்கிட்டு? நாங்க எல்லாரும் ஐநூறுன்னு பேசி, பூஜ்யத்துல முடியக் கூடாதுன்னு ஒண்ணு கூட்டிப் போட்டிருக்கோம். மொய்க்கு மட்டும் ஒண்ணு கூட்டுதீங்கள்லா?”

எழுந்து நின்று எழுபத்தொரு பேரிடமும் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. பென்சில் முனை ஒடியும்வரை அழுத்தி 527 என்று எழுதிக் கொடுத்தேன்.

501 கிலோமீட்டர் 361 மீட்டரில் விமானம் இறங்கியது. அந்த 361 மீட்டரும் நான் ஒருவன் போட்டது. எழுபத்தொரு பேரும் அதில் ஓசியில் வந்தார்கள். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு வறண்ட ஏரி. மணி இரண்டு இருபது.

“கிட்டத்தட்ட வந்தாச்சு” என்று செல்லப்பாண்டி சோம்பல் முறித்தார். அக்கா மகன் சுடலைமணிக்கு போன் போட்டு, இன்னும் எவ்வளவு பாக்கி என்று மீட்டர்வரை சொன்னேன்.

“ஒரு இருபது முப்பது கிலோமீட்டர்தான மாமா, அதனால என்ன? மூணுக்கு மேல வைக்க மாட்டாங்க. இருங்க, அம்மாட்ட குடுக்கேன்.”

அக்கா போனை வாங்கினாள். “ஏலே, வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? இம்புட்டுப் பேரு தப்பா எழுதுதத பாத்துக்கிட்டா இருந்த? அங்கேயே நில்லு. வாரேன்.”

இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கழுத்தில் மாலை, நெற்றியில் காசு. தாடைக்கட்டைச் சற்றே தளர்த்திக்கொண்டாள்.

“நல்லாப் பாத்துக்கோ. வெறும் இடமா இருக்கக் கூடாதுன்னு சுடலைய என் இடத்துல படுக்க வச்சிட்டு வந்திருக்கேன். மூணுக்குள்ள நீ போன் போட்டு நிறுத்தச் சொல்லலன்னா அவனைத் தூக்கிருவாங்க.”

வலது காதிலிருந்து ஆரம்பித்தேன். மணி இரண்டு ஐம்பத்தொன்பது ஆனபோது மூக்குத்திவரைதான் வந்திருந்தேன்.

மீதி முகத்தையும் பார்த்தேன்.