சுளகுக்குப் பின்னால் விழுந்த முத்து

நாற்பத்தொரு மணி நேரம் இருபது நிமிடம். பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் நால்வரும் விளையாடிய நேரம் அது. அழகுராஜா வாராவாரம் நோட்டில் குறித்துக் கூட்டி வைத்திருந்தான். அத்தனை நேரத்தில் சுபலட்சுமி சொன்ன பொய் ஒன்றே ஒன்று. நான்காவது ஞாயிறு, நாஸியாவிடம் சொன்னது. அதுவும் உண்மைபோல அந்த நோட்டில் ஏறியிருந்தது.

விளையாட்டு சுபலட்சுமி உருவாக்கியதுதான். பெயர் 'தொண்ணூறடி'. பலகையும் இல்லை, காயும் இல்லை. மழை பொய்த்த மூன்றாம் வருடம், உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு பாழுங்கிணறு. அதைத் தூர்வார வந்த மூன்று பேராக அழகுராஜா, நாஸியா, சத்யப்ரியா மூவரும் பேச வேண்டும், முடிவெடுக்க வேண்டும். மிச்சம் எல்லாம் சுபலட்சுமி. பாம்பும் அவள்தான், ஊர்த்தலைவரும் அவள்தான், கிணற்றுக்குள் இருக்கும் இருட்டும் அவள்தான்.

யாராவது இறங்கினால் ஐந்து புளியமுத்துகளை உருட்டுவாள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்தது. ஒரு வெள்ளையாவது விழுந்தால் கயிறு தாங்கும். ஐந்தும் வெள்ளையென்றால் ஊற்றின் ஈரக்கசிவே தென்படும். ஒன்றுகூட விழாவிட்டால் கயிறு அறுந்துவிடும். இறங்கிய ஆள் செத்தான், அவனை ஆடியவருக்கு அதோடு கதையில் இடமில்லை. பயம் நிஜமாக இருக்கட்டும் என்று அவளே எழுதிய விதி.

கயிற்றுக்கான முத்துகளை மட்டும் மறைவில்தான் போடுவாள். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்திய, அரிசி புடைக்கும் சுளகு, அதற்குப் பின்னால். தொங்குகிறவனுக்குக் கயிறு தெரியக் கூடாது, அவள் வாயால் சொல்லித்தான் தெரிய வேண்டும். அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தாள். வாய்மொழித் தேர்வுகளில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் மதிப்பெண்ணை விட்டவள். கே.கே. நகர் வீட்டு மாடியில், சுளகுக்குப் பின்னால் உட்கார்ந்தபோதுதான் அவளுக்குக் குரல் வந்தது. மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று காத்திருந்தார்கள். அப்படி யாரும் அவளுக்காகக் காத்திருந்ததில்லை.

நான்காவது ஞாயிறு நாஸியாவின் ஆள் தங்கப்பொண்ணு கிணற்றில் இறங்கினாள். இறங்குவதற்கு முன்னால் நாஸியா சொன்னாள்: "இவ செத்தா நான் அடுத்த வாரம் வரமாட்டேன்டி. பேசாம அத்தாவோட கடையில போய் உக்காந்துருவேன்." விளையாட்டாகத்தான் சொன்னாள். சுபலட்சுமி முத்துகளைப் போட்டாள். ஐந்தும் கறுப்பு. நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சும் வெள்ளை" என்றாள்.

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் ஐந்து என்று வந்துவிட்டது. நாஸியா எழுந்து குதித்ததில் நாற்காலி சாய்ந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அஞ்சு வெள்ளை என்றே பேர்.

இது வெளியே தெரிந்தால் இனி சுளகுக்குப் பின்னாலிருந்து வரும் எந்தச் சொல்லையும் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் விளையாட்டு இல்லை. விளையாட்டு இல்லாவிட்டால் இந்த மூன்று பேர் மாடியேறி வர வேறு காரணமும் இல்லை.

இன்று கடைசி ஐந்தடி. அழகுராஜாவின் ஆள் காளை இடுப்பில் கயிறு கட்டி நின்றான். அழகுராஜாவும் நின்றுகொண்டிருந்தான்; முக்கியமான கட்டத்தில் அவனால் உட்கார முடியாது.

"கயித்த விடு. அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் இன்னைக்கு டீ."

சுபலட்சுமி முத்துகளைக் குலுக்கி விட்டாள். மடித்த துண்டின் மேல் சத்தமில்லாமல் விழுந்தன. கறுப்பு. கறுப்பு. ஐந்தும்.

அவள் மறுபடியும் எண்ணினாள்.

"ஏ சுபா, என்ன இம்புட்டு நேரமாப் பாக்குற? முத்து மொளச்சிருச்சா?" என்றான் அழகுராஜா.

நாஸியா சிரித்தாள். சத்யப்ரியா சிரிக்கவில்லை. அவள் சுபலட்சுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று என்று சொன்னால் போதும். எவ்வளவு எளிது என்று சுபலட்சுமிக்கு ஏற்கெனவே தெரியும். இன்னொரு தடவை சொன்னால் அதற்கடுத்த தடவையும் சொல்வாள் என்பதும் தெரிந்தது.

"கயிறு அறுந்துருச்சு" என்றாள்.

அழகுராஜா நின்றபடியே இருந்தான். "காளையா?"

"காளைதான்."

"வெளாடாத."

"ஒரு வெள்ளையும் இல்ல."

சத்யப்ரியா சட்டென்று முன்னால் சாய்ந்து சுளகின் விளிம்பைப் பிடித்தாள். "நான் பாக்கணும். பதினாலு வாரம் அவன் பஸ் ஏறி வந்துருக்கான். கடைசி நாள்ல இப்படியா? காட்டு."

சுபலட்சுமியின் கை சுளகின் மறுபக்கத்தில் இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் அது லேசாக ஆடியது.

"கைய எடு சத்யா" என்றான் அழகுராஜா. "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"டேய், உன் ஆளு செத்துட்டான்டா!"

"தெரியுது. செத்தவன் நான்தான, நீயா?"

சத்யப்ரியா கையை எடுத்தாள். "அப்பக் கடைசி நாளுங்கறதுக்காக இன்னொரு தடவை போடச் சொல்லு. ஒரே ஒரு தடவை."

"வேணாம்." அவன் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தாலும் சிரிக்கப் பார்த்தான். "ஆயிரம் தடவை உருட்டிக் கணக்குப் போட்டு, இருபத்திரண்டுல ஒரு தடவை அறும்னு இவதான சொன்னா. எனக்கு அறுந்துருச்சு, அம்புட்டுத்தான். எனக்காகத் திரும்பப் போட்டா அன்னைக்கு நாஸியாவுக்கு விழுந்த அஞ்சு வெள்ளைக்கு என்ன மரியாத?"

சுபலட்சுமி துண்டின் மேல் கிடந்த முத்துகளையே பார்த்தாள்.

அழகுராஜா நோட்டைத் திறந்தான். 'காளை, எண்பத்தைந்தாவது அடி, வெள்ளை இல்லை' என்று எழுதினான். எழுதிவிட்டு, பழக்கத்தில் முன்பக்கங்களைப் புரட்டினான். நான்காவது வாரப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம். அன்று நாஸியாவே போட்டது.

"இங்க பாருங்கப்பா, மொத்த நோட்டுலயும் ஒரே ஒரு அஞ்சு. அது இவளுக்கு."

"அதான் நான் எறங்குறேன்" என்றாள் நாஸியா. குரலில் விளையாட்டு இல்லை. "காளைய அங்கயே விட்டுட்டு வர முடியாது. தங்கப்பொண்ணு எறங்கி அவனை மேல கொண்டு வருவா. என்னைக் கிணறு ஒண்ணும் பண்ணாது. அஞ்சு வெள்ளை விழுந்தவ நான்."

அவள் சுளகைப் பார்த்துச் சொன்னாள், சுபலட்சுமியைப் பார்த்து அல்ல. சுளகுக்குப் பின்னால் இருப்பது எப்போதும் உண்மைதான் என்பதுபோல.

"போடு சுபா."

சுபலட்சுமி ஐந்து முத்துகளையும் பொறுக்கினாள். உள்ளங்கை ஈரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டின. குலுக்கினாள். கை விரிய மறுத்தது.

"என்னாச்சு?" என்றாள் சத்யப்ரியா.

சுபலட்சுமி முத்துகளைத் துண்டின் மேல் வைத்தாள். பிறகு சுளகை எடுத்து மேசையின் மேல் படுக்கப் போட்டாள். பதினான்கு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கும் அவர்களுக்கும் இடையில் எதுவும் இல்லை. மூன்று பேரும் அந்தத் துண்டையும் முத்துகளையும் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"நாஸியா." கதை சொல்லும் குரல் வரவில்லை. வந்தது கல்லூரிக் குரல், பாதி விழுங்கியது. திரும்ப ஆரம்பித்தாள்.

"நீ போயிருவியோன்னு பயந்துட்டேன். அந்த நாலாவது வாரம் உனக்கு ஒரு வெள்ளைகூட விழல. அஞ்சுன்னு பொய் சொன்னது நான்தான்."